குளியலறையில் வேர்க்கும் சுவர்

கேள்வி: வெந்நீரில் குளித்து முடித்தால் கண்ணாடியில் முகமே தெரிவதில்லை. சுவரெல்லாம் வேர்த்து ஒழுகுகிறது. மேலே கரும்புள்ளிகள் வேறு. என்ன செய்ய?
– வாசகி, குன்னூர்

பதில்: முகம் தெரியாததையா குறை என்கிறீர்கள்? என் வயதில் அது சலுகை! மேலே இருப்பது பூஞ்சணம். சில்லென்ற சுவரில் பட்டதும் ஆவி தண்ணீராகிவிடுகிறது. வெளியேற வழியில்லாததால் ஈரம் அங்கேயே குடித்தனம் நடத்துகிறது. எக்ஸாஸ்ட் ஃபேன் மாட்டுங்கள், குளித்தபின்னும் 20 நிமிடம் ஓடட்டும். கதவடியில் விரற்கடை இடைவெளி அவசியம். உள்ளே காற்று வராமல் ஃபேன் எதைத்தான் வெளியே தள்ளும்? பக்கெட்டில் முதலில் பச்சைத்தண்ணீர், அப்புறம் வெந்நீர் என்று பிடித்தால் ஆவி குறையும். கரும்புள்ளியைத் தேய்த்துக் கழுவாமல் மேலே பெயின்ட் அடித்தால் அடுத்த மழையில் எட்டிப் பார்க்கும். அப்புறம், குளிருக்குப் பயந்து வென்டிலேட்டரில் அட்டை ஒட்டியிருப்பீர்களே, முதலில் அதைப் பிய்த்தெறியுங்கள்.