பொய்க்கு நல்லடக்க நேரம் தெரியாது

கேள்வி: பிரபலங்கள் காலமானதாக வாட்ஸ்அப்பில் வரும் செய்தி மெய்யா பொய்யா என்று எப்படி அறிவது?
– வாசகர், கல்முனைக்குடி

பதில்: நம்மூர்ப் பள்ளிவாசல் ஒலிபெருக்கியில் மௌத்து அறிவித்தல் கேட்கும்போது, இன்னாருடைய மகன், இன்ன வீதி, அஸர் தொழுகைக்குப் பின் ஜனாஸா நல்லடக்கம் என்று, குடும்பத்தாரிடம் விசாரித்தறிந்த விவரங்கள் வரிசையாக வருகின்றனவல்லவா, அவற்றையே கைத்தொலைபேசிச் செய்தியிடமும் கேளுங்கள், பொய்யானால் அங்கேயே விழிக்கும். 2020 ஜூன் மாதத்தில் பாடகி எஸ். ஜானகி மறைந்துவிட்டதாக வதந்தி பரவியபோது, அவரோடு எண்ணற்ற பாடல்களைப் பாடிய எஸ். பி. பாலசுப்பிரமணியமே காணொளியில் தோன்றி, அம்மா சௌக்கியமாக இருக்கிறார் என்று தெரிவிக்க வேண்டியதாயிற்று.

இதை அற்ப விஷயமென்று நான் கருதாததற்குக் காரணம் நம் மாவட்டத்திலேயே இருக்கிறது. 2018 பெப்ரவரி 26ஆம் திகதி இரவு, அம்பாறை நகரின் முஸ்லிம் உணவகமொன்றில், உணவிலே கிடந்த சிறு மாவுக் கட்டியை மலட்டு மாத்திரையென்று கிளப்பிய வதந்தி, அரச இரசாயனப் பகுப்பாய்வாளர் அதைப் பரிசோதித்து வெறும் மாப்பொருளே என்று அறிக்கையிடுவதற்கு முன்பே, கடைகளையும் பள்ளிவாசலையும் சேதப்படுத்தி முடித்திருந்தது.