சனி பகவான் நிரபராதி

1348இல் ஐரோப்பாவில் பிளேக். பிணங்களைப் புதைக்க ஆள் கிடைக்கவில்லை. புதைக்க வந்த ஆளையும் மறுவாரம் புதைக்க வேண்டியிருந்தது. பிரான்ஸ் மன்னர் ஆறாம் பிலிப், பாரிஸ் பல்கலைக்கழக மருத்துவ மேதைகளிடம் காரணம் கேட்டார். மேதைகள் கூடினார்கள், ஆராய்ந்தார்கள், அறிக்கை கொடுத்தார்கள்: 1345 மார்ச்சில் சனி, குரு, செவ்வாய் மூன்றும் கும்ப ராசியில் கூடின, அதனால் காற்று கெட்டது. மருத்துவப் பட்டம் மட்டும் இல்லையென்றால் நம் பஞ்சாங்கக்காரர்கள் அவர்களைச் சங்கத்தில் சேர்த்துக்கொண்டிருப்பார்கள்.

சனி பகவான் இந்த வழக்கிலிருந்து விடுதலையாக 546 ஆண்டுகள் ஆயின. விடுவித்தவர் அலெக்ஸாந்தர் யெர்சின். ஆனால் அவரைப் பற்றிச் சொல்லுமுன் அவர் செய்த இன்னொரு வேலையைச் சொல்லியாக வேண்டும். பின்னால் வந்த குழப்பத்துக்கெல்லாம் அதுதான் அச்சாரம்.

1888இல் பாரிஸில் எமில் ரூவும் யெர்சினும் தொண்டை அடைப்பான் கிருமியை வளர்த்தார்கள். வளர்ந்த திரவத்தை வடிகட்டிக் கிருமிகளை ஒழித்தார்கள். மிஞ்சிய தெளிந்த நீரைக் கினிப் பன்றிகளுக்கு ஏற்றினார்கள். பன்றிகள் செத்தன. ஆக, கொன்றது கிருமி துப்பிய நஞ்சு. அருமையான கண்டுபிடிப்பு. அந்த நஞ்சு எங்கே விட்டாலும் தானாகவே ஒரு செல்லைத் தேடிப் பிடித்து, தானாகவே உள்ளே நுழைந்துகொள்ளும். கிருமிக்குத் துப்புவதோடு கடமை முடிந்தது. இதிலிருந்து உலகம் கற்ற பாடம்: நஞ்சு வேண்டுமா, திரவத்தில் தேடு.

1894இல் ஹாங்காங்கில் பிளேக். ஜப்பானிலிருந்து கிட்டசாட்டோ ஷிபாசபுரோ வந்தார். ராபர்ட் கோக்கின் சீடர். ஆங்கிலேய அதிகாரிகள் ராஜ மரியாதை செய்து, அறையும் பிணங்களும் கொடுத்தார்கள். சில நாள் கழித்து யெர்சின் வந்தார். அவருக்குப் பிணவறைக் கதவுகூடத் திறக்கவில்லை. மனிதர் அசரவில்லை. வைக்கோல் குடிசை ஒன்று போட்டார். பிணம் புதைக்கும் மாலுமிகளின் கையில் கொஞ்சம் காசு திணித்தார். சவப்பெட்டியைத் திறந்து, வீங்கிய நெறிக்கட்டியைக் கீறி எடுத்து வந்தார். விஞ்ஞான வரலாற்றில் லஞ்சம் இவ்வளவு நல்ல காரியத்துக்குப் பயன்பட்டது அபூர்வம்.

கிட்டசாட்டோவிடம் உடல் சூட்டிலேயே கிருமி வளர்க்கும் கருவி இருந்தது. யெர்சினிடம் அது இல்லை. பிளேக் கிருமிக்கோ 28 டிகிரியில்தான் நன்றாக வளரப் பிடிக்கும். ஏழையின் குடிசையில் அது செழித்தது. பணக்காரரின் கருவியில் நிமோனியாக் கிருமியும் கலந்துவிட்டிருக்கலாம் என்று பின்னால் பேச்சு எழுந்தது. புகழுக்கான சண்டை பல காலம் நடந்தது. கடைசியில் கிருமிக் குடும்பத்துக்கே யெர்சினியா என்று பெயர் வைத்தார்கள். 1944இல் அந்தப் பெயரை முன்மொழிந்தபோது யெர்சின் இறந்து ஓராண்டு ஆகியிருந்தது. நம் விருதுக் குழுக்களின் வேகம்தான்.

சரி, ஆளைப் பிடித்தாயிற்று. ஆயுதம் எங்கே?

1950களில் ஒரு விசித்திரம் கண்ணில் பட்டது. 37 டிகிரியில், கால்சியம் இல்லாமல் வைத்தால், இந்தக் கிருமி வளர மறுத்தது. விஞ்ஞானிகள் ஊட்டச்சத்துக் குறைபாடு என்ற கோணத்தில் கவலைப்பட்டார்கள். கிருமியோ சோறு தண்ணீர் மறந்து வேறு வேலையில் மும்முரமாக இருந்தது: கூடை கூடையாகப் புரதங்களை வெளியே தள்ளிக்கொண்டிருந்தது. முதலில் அவற்றைக் கிருமியின் வெளித்தோல் புரதங்கள் என்று நினைத்து ‘யாப்’ என்று பெயரிட்டார்கள். 1990 வாக்கில்தான் அவை திரவத்துக்குள் வந்து விழுபவை என்பது உறுதியானது.

யெர்சினின் பாடம் ஜெயித்துவிட்டதா? நஞ்சு திரவத்திலேயே கிடைத்துவிட்டதே! ஸ்வீடனின் உமியோ நகரில் ஹான்ஸ் வொல்ஃப்-வாட்ஸ் குழுவினர் யாப் புரதம் ஒன்றைச் செல்லின் மேல் விட்டுப் பார்த்தார்கள். செல் கண்டுகொள்ளவே இல்லை. அதே புரதத்தைச் செல்லுக்குள் செலுத்தினால் மட்டும் அதன் உள்சட்டகம் சரிந்தது. தானாக உள்ளே போகத் தெரியாத நஞ்சு! அப்படியானால் யாரோ கொண்டுபோய்க் கொடுக்கிறார்கள்.

1994இல் பெல்ஜியத்தில் கீ கோர்னெலிசும் மாரி-போல் சோரியும் துப்பறிந்தார்கள். கக்குவான் கிருமியிடமிருந்து ஒரு நொதியைக் கடன் வாங்கி யாப் புரதத்தோடு ஒட்டினார்கள். கிருமியிடம் இல்லாத, நம் செல்லுக்குள் மட்டுமே இருக்கும் கால்மாடுலின் பட்டால்தான் அந்த நொதி வேலை செய்யும். வேலை செய்தது. கிருமி வெளியே ஒட்டிக்கொண்டு நின்றது. சரக்கு உள்ளே இறங்கியிருந்தது. விழுங்க வந்த வெள்ளணுவுக்கு விழுங்கும் கலையே மறந்துபோக அது போதும்.

இந்த வித்தை யெர்சினியாவின் தனிச்சொத்தும் அல்ல. 1997இல் வான்கூவரில் பிரெட் ஃபின்லேயின் ஆய்வகம் பேதி உண்டாக்கும் ஒருவகை ஈ.கோலியின் அட்டகாசத்தைக் கண்டது. அது குடல் செல்லின் மேல் ஒரு புரதத்தைப் பிடித்துக்கொண்டு உட்காரும். அந்தப் புரதம் செல்லுடையது என்றுதான் அதுவரை எல்லோரும் நம்பியிருந்தார்கள். உண்மையில் ஈ.கோலியே அதைத் தயாரித்து, செல்லுக்குள் செலுத்தி, வெளியே நீட்டவைத்து, பிறகு அதிலேயே அமர்கிறது. விருந்தாளி தன் நாற்காலியைத் தானே தூக்கிக்கொண்டு வந்து, நம் கூடத்தில் ஆணி அடித்து உட்கார்வதுபோல.

1998இல்தான் ஆயுதம் கண்ணில் பட்டது. தொமோகோ குபோரி, ஹோர்ஹே கலான், ஷின்-இச்சி ஐசாவா ஆகியோர் இதே வித்தை தெரிந்த சால்மொனெல்லா என்ற கிருமியிலிருந்து அதைப் பிரித்தெடுத்து மின்னணு நுண்ணோக்கியில் வைத்தார்கள். தெரிந்தது ஊசி. சுமார் 80 நானோமீட்டர் நீளம். புரதம் மடிப்பெல்லாம் கலைந்து நூலாகத்தான் நுழைந்தாக வேண்டும், துளை அவ்வளவு சிறியது. அடிப்பாகம், கிருமி நீந்தப் பயன்படுத்தும் கசையிழையின் அடிப்பாகத்தை அப்படியே உரித்துவைத்திருந்தது. இரண்டும் ஒரே வம்சம்.

இந்த உறவு 2005இல் அமெரிக்காவில் கோர்ட் வரை போனது. பென்சில்வேனியாவின் டோவர் ஊர்ப் பள்ளியில், பரிணாமத்துக்குப் போட்டியாக ‘அறிவார்ந்த வடிவமைப்பு’ நுழைந்த வழக்கு. கசையிழையில் ஒரு பாகத்தைக் கழற்றினாலும் மொத்தமும் வீண், எனவே யாரோ முழுசாகச் செய்துதான் வைத்திருக்க வேண்டும் என்றார் மைக்கேல் பீஹி. பல பாகங்களைக் கழற்றினாலும் மிச்சம் ஊசியாக வேலை செய்யுமே என்றார் கென்னத் மில்லர். நீதிபதி ஜான் ஜோன்ஸ் வடிவமைப்பு வாதம் அறிவியலே அல்ல என்று தீர்ப்பளித்தார்.

அந்த ஊசி தன் வாழ்நாளில் யாரையும் குத்தாமல் செய்த ஒரே நல்ல காரியம், சாட்சி சொன்னதுதான்.