குடத்துக்குள் கமாண்டோ

கேள்வி: போலீஸ் கமாண்டோ படைக்கு எங்கள் ஊர்க் குடவோலை முறையில் ஆள் எடுத்தால் என்ன?
– ஒரு வாசகர், உத்திரமேரூர்

பதில்: உங்கள் ஊர் வைகுண்டப் பெருமாள் கோயில் சுவரில், முதலாம் பராந்தகன் காலத்தில் 920 வாக்கில் வெட்டிய விதிப்படி, குடத்தில் பெயர் ஓலை போட்டுக் குலுக்கி எடுக்கப்படும் வாரிய வேட்பாளருக்கு வயது 35 முதல் 70 வரை. எழுபது வயதுத் தாத்தா கயிற்றில் இறங்கி வருவதற்குள், பிணைக்கைதிகளே கதவைத் திறந்து அவருக்கு மோர் கொடுத்துவிடுவார்கள்!

ஆனால் ஒரு விதி உதவும். கடந்த மூன்றாண்டுக்குள் வாரியத்தில் இருந்தவருக்கு மறுபடி இடமில்லை. தேசியப் பாதுகாப்புப் படையின் கறுப்புப் பூனைகளிலும் பெரும்பாலோர் ராணுவம், துணை ராணுவப் படைகளிலிருந்து அயல்பணியில் வந்து, சில ஆண்டுகளில் தாய்ப்படைக்குத் திரும்புகிறவர்கள்தான். கணக்குக் காட்டாதவருக்கும் அவர் உறவினருக்கும் இடமில்லை என்ற விதி வேறு இருக்கிறது. அதைப் படையோடு நிறுத்துவானேன்?

எல்லோரும் குறிபார்த்துச் சுடுகிறவர்களாக இருந்தாலும் படை உருப்படாது. 2004 அக்டோபர் 18 இரவு, பாப்பாரப்பட்டி அருகே வீரப்பன் கடைசியாகப் பயணம் செய்த ஆம்புலன்ஸை ஓட்டியவர் அதிரடிப்படைக்காரர். அப்படி ஒரு டிரைவரைக் குடத்தைக் குலுக்கி எடுக்க முடியாது.