ஆடி முன்பணம்

புதுக்கோட்டை மாவட்டத்தில் மனிதவள அதிகாரியாக இருக்க எம்.பி.ஏ. மட்டும் போதாது. ஆண்டுக்கு இத்தனை தேசிய விடுமுறை, இத்தனை பண்டிகை விடுமுறை என்று 1958-இல் சட்டம் போட்டவர்கள், மார்கழியிலேயே தச்சங்குறிச்சியில் வாடிவாசல் திறந்துவிடும் என்பதை யோசித்ததாகத் தெரியவில்லை. பங்குனியில் நார்த்தாமலைத் திருவிழா வேறு. அன்றைக்கு ஷிப்டு அட்டவணை சும்மா சுவரில் தொங்கும்.

அதையெல்லாம்கூடச் சமாளித்துவிடலாம். ஆடி பிறந்தால்தான் வினை. கீரமங்கலம், வடகாடு பக்கமெல்லாம் மொய்விருந்து. மொய் எழுதச் சம்பள முன்பணம் கேட்டு ஆள் வந்துகொண்டே இருக்கும். அதிகாரி பி.எஃப். மகிமையை விளக்குவார். 12 சதவீதம் பிடித்தம், கம்பெனியும் போடுகிறது, வட்டியும் உண்டு.

"சரிதான் சார். ஆதார்ல இனிஷியல் முன்னால இருக்கு, உங்க ரிக்கார்டுல பின்னால இருக்குன்னு போன வருசமே என் பி.எஃப். மனுவைத் திருப்பி அனுப்பிட்டாங்களே! மொய்நோட்டுல அதெல்லாம் கேக்க மாட்டாங்க."

கையெழுத்து விழுகிறது. எழுந்தவர் மேசையில் ஒரு பத்திரிகையை வைக்கிறார். "இந்தப் பணம் பங்காளிக்குச் செய்ய. அடுத்த வாரம் நம்ம விருந்து சார், கறிச்சோறு. அவசியம் வந்துரணும்."

எவ்வளவு எழுதுவது? அதிகாரி இழுப்பறையைத் திறந்து இன்னொரு முன்பணப் படிவத்தை எடுக்கிறார், தன் பெயருக்கு.