துடிப்பான ஆள் தேவை

பொடி வியாபாரத்தில் கஷ்டமான வேலை மிளகாய் வறுப்பது என்று நினைப்பவர்கள் வாட்ஸ்அப்பில் ஆர்டர் எடுத்துப் பார்த்ததில்லை. மிளகாய் நெடி நாலு தும்மலோடு போய்விடும். இராத்திரி பத்தரை மணிக்கு, "மாமி, போன தடவை வாங்கினேனே, அதே மாதிரி ஒண்ணு அனுப்பிடுங்கோ" என்று குரல் செய்தி அனுப்புகிறவரை எந்தத் தும்மலாலும் சமாளிக்க முடியாது. போன தடவை வாங்கியது பருப்புப் பொடியா, இட்லி மிளகாய்ப் பொடியா, ஒண்ணு என்றால் கால் கிலோவா, அரைக் கிலோவா, முதலில் பேசுவது யார் என்பதெல்லாம் அந்தச் செய்தியில் இருக்காது. பேரனுக்கு ஜலதோஷம் என்பது மட்டும் விவரமாக இருக்கும்.

ஸ்ரீரங்கத்தில் வீட்டிலேயே பொடி போட்டு விற்கிறேன். வறுக்க, அரைக்க ஒரு அம்மாள் வருகிறார். ஒன்பது மணிக்கு வந்து ஒரு மணிக்குப் போவார். என் தொழில் கடல் கடந்து வளர வேண்டும் என்ற லட்சியமெல்லாம் அவருக்குக் கிடையாது. உப்பு மட்டும் ஒரு நாளும் தப்பாது.

பெங்களூரில் இருக்கும் என் அண்ணா பிள்ளைதான் இந்த யோசனையைக் கிளப்பினான். "அத்தை, எதுக்கு ராத்திரியெல்லாம் போனும் கையுமா உக்காந்திருக்கே? ஒரு வர்ச்சுவல் அசிஸ்டெண்ட் வச்சுக்கோ. வீட்டுக்கே வர மாட்டா. காப்பி குடுக்க வேண்டாம்." எனக்குப் பிடித்தது அந்தக் கடைசி வாக்கியம். கையோடு ஒரு புத்தகமும் அனுப்பி வைத்தான். டிம் ஃபெரிஸ் என்ற அமெரிக்கர் 2007-இல் எழுதிய 'தி ஃபோர் அவர் வொர்க்வீக்'. வாரத்துக்கு நாலு மணி நேரம் உழைத்தால் போதுமாம். பொடிக்கு மிளகாய்க் காம்பு கிள்ளவே அதற்கு மேல் ஆகும் என்பது அவருக்குத் தெரிய நியாயமில்லை.

அந்தப் புத்தகத்தில் ஏ.ஜே. ஜேக்கப்ஸ் என்ற பத்திரிகையாளரின் கதை ஒன்று வருகிறது. 2005-இல் எஸ்குயர் பத்திரிகைக்காக, தன் வாழ்க்கையையே இந்தியாவில் இருக்கும் உதவியாளர்களிடம் ஒப்படைத்துப் பார்த்தவர். கடிதம் எழுதுவது, சாமான் வாங்குவது என்று ஆரம்பித்து, மனைவியோடு போடும் சண்டையைக்கூட அவர்களிடம் கொடுத்தார். கடைசியில், தனக்குப் பதிலாகக் கவலைப்படும் வேலையையும் தள்ளிவிட்டார். படித்துவிட்டு அசந்துபோனேன். இந்தக் கடைசி வேலையை எங்கள் அகத்தில் என் மாமியார் முப்பது வருஷம் சம்பளமில்லாமல் பார்த்தார். எங்களுக்குத்தான் அதன் மதிப்பு தெரியவில்லை.

பிலிப்பைன்ஸில் நல்ல உதவியாளர்கள் கிடைப்பார்கள் என்றும் அண்ணா பிள்ளை சொன்னான். மணிலா நமக்கு இரண்டரை மணி நேரம் முந்தி இருக்கிறது, நாம் எழுந்திருக்கும்போது அவர்கள் வேலையை ஆரம்பித்திருப்பார்கள் என்றான். எல்லாம் சரிதான். ஆனால் சுண்டைக்காய் வற்றலும் வேப்பம்பூவும் சுக்கும் மிளகும் போட்டு அரைக்கும் அங்காயப் பொடியைப் பிரசவித்த பெண்ணுக்கு ஏன் கொடுக்கிறோம் என்று மணிலாவுக்கு விளக்கி முடிப்பதற்குள் குழந்தைக்கு ஆண்டு நிறைவு வந்துவிடும்.

ஆகவே தமிழ் தெரிந்த ஆள். விளம்பரத்தை அவனே எழுதினான். செல்ஃப் மோட்டிவேட்டட், டைனமிக், பேஷனேட், நிறுவனத்தைத் தன் சொந்த நிறுவனமாக நினைப்பவர் தேவை. தினம் 4 மணி நேரம், மாதம் 8,000 ரூபாய். எனக்குக் கூச்சமாக இருந்தது. இத்தனை குணமும் சேர்ந்த உதவியாளர் என்றால் எனக்குத் தெரிந்து அனுமார் ஒருவர்தான். அவரைக்கூட ஜாம்பவான் உட்காரவைத்து, உன் பலம் இன்னது என்று எடுத்துச் சொல்ல வேண்டியிருந்தது. செல்ஃப் மோட்டிவேட்டட் என்ற முதல் தகுதியிலேயே அவர் தேற மாட்டார். அதோடு, சீதையைப் பார்த்துவிட்டு வா என்றுதான் அனுப்பினார்கள். ஊரைக் கொளுத்திவிட்டு வா என்று யாரும் சொல்லவில்லை.

விண்ணப்பங்கள் வந்து குவிந்தன. எல்லாருக்கும் சிறுவயது முதலே பொடி வகைகளின் மீது தீராத வேட்கை இருந்திருக்கிறது, அதுவும் ஒரே வாக்கியத்தில், ஒரே நிறுத்தக்குறிகளோடு. ஒருவருடைய கடிதம் மட்டும் தனித்து நின்றது. "இங்கே நிறுவனத்தின் பெயரை எழுதவும் நிறுவனத்தில் பணியாற்றுவது என் நெடுநாள் கனவு" என்று தொடங்கியிருந்தது.

முதலில் அமைந்த தம்பி துடிப்பு என்றால் துடிப்பு. ஆர்டரைக் குறித்துக்கொள்ளச் சொன்னேன். அவன் என் பிராண்டையே மாற்றப் புறப்பட்டான். முகப்புச் சின்னம் மாறியது. அங்காயப் பொடிக்கு ஒரு ரீல் வந்தது, பின்னணியில் டிரம்ஸ். பிள்ளை பெற்றவள் எழுந்து ஆடுவாள் என்று நினைத்தானோ என்னவோ. தீபாவளி சமயத்தில் என்னைக் கேட்காமலேயே ஒன்று வாங்கினால் ஒன்று இலவசம் என்று அறிவித்துவிட்டான். போஸ்டர் ஒன்று அடித்தான். அதில் என் போன் நம்பர் இருக்க வேண்டிய இடத்தில் எஃப்.எஸ்.எஸ்.ஏ.ஐ. உரிம எண்ணைப் போட்டிருந்தான். அதற்கு 14 இலக்கம். அப்படியும் நம் ஜனங்கள் விடவில்லை. "மாமி, உங்க நம்பர் போகவே மாட்டேங்கறதே" என்று பழைய நம்பருக்குக் கூப்பிட்டுச் சொன்னார்கள்.

நிறுவனத்தைத் தன் சொந்த நிறுவனமாக நினைக்க வேண்டும் என்று விளம்பரத்தில் கேட்டிருந்தோம் அல்லவா? அதையும் அவன் நிறைவேற்றினான். சில மாதங்களில் என் வாடிக்கையாளர் பட்டியலோடு போய்ச் சொந்தமாகச் சிறுதானியப் பொடி ஆரம்பித்தான். நன்றாகப் போகிறதாம். உப்பு மட்டும் கொஞ்சம் தூக்கல் என்கிறார்கள்.

அடுத்து வந்த பெண் எம்.பி.ஏ. அவள் எதையும் தானாக எழுத மாட்டாள், எல்லாம் ஏ.ஐ. "பொடி காரமா இருக்குமா?" என்று மயிலாப்பூர் மாமி ஒருவர் கேட்க, "உங்கள் அருமையான கேள்விக்கு நன்றி! காரம் என்பது ஒவ்வொருவரின் தனிப்பட்ட அனுபவம்" என்று தொடங்கி ஐந்து தலைப்புகளில் பதில் போனது. கடைசித் தலைப்பு, மருத்துவரை அணுகவும். மாமி பயந்துபோய் எனக்குப் போன் செய்தார். "ஏண்டி, பொடியிலே என்ன போடறே?"

அந்தப் பெண்ணின் காலத்தில்தான் ராமநாதபுரம் விவகாரமும் நடந்தது. கோயம்புத்தூரில் ராமநாதபுரம் என்று ஒரு பேட்டை உண்டு. பின்கோடு 641045. சேதுபதிகளின் ராமநாதபுரத்துக்கு 623501. வாடிக்கையாளர் தெருவையும் ராமநாதபுரத்தையும் மட்டும் சொன்னார். மீதியை இவள் ஊகித்துக்கொண்டாள். இரண்டு கிலோ பருப்புப் பொடி சேதுச் சீமை வரை போய்விட்டுத் திரும்பி வந்தது. ஒரே பெயரில் ஊர்கள் இருப்பதால் வரும் இந்தக் குழப்பத்தைத் தீர்க்கத்தான் ஸ்ரீராம் பிகாஜி வேலங்கர் என்ற அதிகாரி பின்கோடு முறையை வகுத்துக் கொடுத்தார். 1972 ஆகஸ்ட் 15-இல் நடைமுறைக்கு வந்தது. அவர் சம்ஸ்கிருதக் கவிஞரும்கூட. கவிஞர் ஒருவர் நமக்காக உட்கார்ந்து எண் கணக்குப் போட்டிருக்கிறார். நாம் இன்னமும் "பிள்ளையார் கோயில் பக்கத்துல, யாரைக் கேட்டாலும் சொல்லுவா" என்றுதான் முகவரி கொடுக்கிறோம்.

இதற்கப்புறம் நேர்காணலை நிறுத்திவிட்டேன். பழைய குரல் செய்திகளில் பத்தைப் பொறுக்கி அனுப்பி, யாருக்கு, என்ன, எவ்வளவு, எந்த ஊர் என்று எக்செல்லில் போட்டுத் தரச் சொன்னேன். அந்த ஒரு மணி நேரத்துக்குத் தனியாகப் பணம். பெரும்பாலோர் எல்லாக் கட்டத்தையும் நிரப்பி அனுப்பினார்கள். குரலில் இல்லாத ஊரும் எடையும் எங்கிருந்துதான் கிடைத்தனவோ. ஒரே ஒருத்தி பல கட்டங்களில் "தெரியல, கேக்கணும்" என்று எழுதியிருந்தாள். அவளையே வைத்துக்கொண்டேன்.

முசிறிப் பக்கம். கைக்குழந்தைக்காரி. போனில் பேசியபோது என் தொலைநோக்குத் திட்டங்களைப் பற்றி ஒரு கேள்வி இல்லை. "சம்பளம் என்னிக்குப் போடுவீங்க? ஞாயித்துக்கிழமை லீவு உண்டா?" என்றாள். பொடி பிடிக்குமா என்றேன். "எங்க வீட்ல பொடி சாப்பிட மாட்டோம் மாமி."

குழந்தை தூங்கும் நேரத்தில் வேலை பார்க்கிறாள். வாட்ஸ்அப் பிஸினஸில் புது ஆர்டர், பணம் வந்தது, அனுப்பியாச்சு என்று லேபிள் போட்டுவிட்டாள். பின்கோடு தராதவருக்குப் பொடி கிடையாது. பணம் கட்டியதாக யாராவது ஸ்கிரீன்ஷாட் அனுப்பினால், பேங்க் கணக்கில் வந்திருக்கிறதா என்று பார்க்கச் சொல்லி என்னையே விரட்டுகிறாள். வராமலே ஸ்கிரீன்ஷாட் மட்டும் வந்ததும் உண்டு, அதுவும் நெற்றி நிறைய விபூதியோடு இருக்கும் ஒரு முகப்புப் படத்திலிருந்து.

அண்ணா பிள்ளைக்குத் திருப்தியில்லை. "அவகிட்ட ஒரு டிரைவ் இல்லையே அத்தை" என்கிறான். டிரைவ் எனக்கே கிடையாது, முதுகுவலிதான் இருக்கிறது. எட்டாயிரம் ரூபாய்க்குத் தினம் நாலு மணி நேரம் கிடைக்கும். என் பொடியின் மேல் காதலும் சேர்த்துக் கேட்டால் அது அநியாய விலை. இப்போது பத்தாயிரம் ஆக்கியிருக்கிறேன், காதலைக் கேட்கவில்லை.

அவள் பெயரை ஏன் எழுதவில்லை என்று கேட்டு எனக்குக் கடிதம் போடாதீர்கள். உங்களுக்கும் ஆள் தேவை என்பது எனக்குத் தெரியும். முசிறியில் போய் விசாரிக்கவும் வேண்டாம். அவள் ஊர் முசிறி இல்லை.