ஐந்து டாலர் பங்கு

எல்லை தாண்டாமல் நல்ல மலையேற்றக் கயிறு வாங்கவேண்டும் என்பதற்காகத் தொடங்கிய கடை, பின்னாளில் எல்லைக்கு அப்பால் இருந்தவர்களுக்கே விற்கப்பட்டது. வான்கூவரின் எம்.இ.சி., அதாவது மவுண்டன் எக்விப்மென்ட் கோ-ஆப், நான் உறுப்பினராகச் சேர்ந்த கடை. அதனால் அந்த விற்பனை எனக்கு வெறும் வணிகச் செய்தி அல்ல.

மலையேறும் நண்பர்கள் ஆறு பேர் 1971-ல் அதைக் கூட்டுறவாகத் தொடங்கினார்கள். அதுவரை நல்ல சாமான் வேண்டுமென்றால் அமெரிக்காவின் சியாட்டிலுக்குப் போய் வாங்கி, திரும்பும்போது சுங்கமும் கட்டவேண்டும். ஐந்து டாலர் கொடுத்தால் ஒரு பங்கு, ஆயுளுக்கும் உறுப்பினர். 2005 வாக்கில் பசிபிக் கரையோரமாகத் தெற்கே சைக்கிளில் போகக் கிளம்பியபோது, மேற்கு பிராட்வே தெருவில் இருந்த அவர்கள் கடையில் நானும் ஐந்து டாலர் கொடுத்தேன்.

அடுப்பு வாங்கத்தான் போனேன். விலை உயர்ந்த ஒன்றைக் கையில் எடுத்ததும் ஊழியப் பெண், "எந்த வழியாப் போறீங்க?" என்று கேட்டார். சொன்னேன். அந்தச் சாலையை அவரும் மிதித்திருந்தார். "அதை வச்சிடுங்க, சின்னது போதும்" என்றார். ஒரெகான் மாநிலப் பூங்காக்களில் நடந்தும் சைக்கிளிலும் வருகிறவர்களுக்கென்றே தனி முகாம் இடங்கள் உண்டு, முன்பதிவு வேண்டாம், கட்டணம் குறைவு என்பதை அவரிடம்தான் தெரிந்துகொண்டேன். கோடையில் காற்று வடக்கிலிருந்து வீசும், ஆகவே தெற்கு நோக்கிப் போவதே சுகம் என்றும் சொன்னார். அடுப்பின் விலையில் பாதி மிச்சம். அந்தப் பயணத்தின் பாதி அறிவும் அங்கே கிடைத்தது.

அண்மையில் அதே வழியில் மறுபடி போனேன். கடை ஃபால்ஸ் க்ரீக் நீர்க்கரைக்கு அருகே புதுக் கட்டடத்துக்கு மாறியிருக்கிறது. வெளிச்சமான, அழகான இடம். ஆனால் இப்போது அது கூட்டுறவு அல்ல. 2020-ல் கடன்சுமையோடு பெருந்தொற்றும் சேர்ந்துகொள்ள, நிர்வாகக் குழு அதை ஒரு அமெரிக்க முதலீட்டு நிறுவனத்துக்கு விற்க முடிவெடுத்தது. ஐம்பது லட்சத்துக்கும் மேற்பட்ட உறுப்பினர்களிடம் வாக்கெடுப்பு நடக்கவில்லை. எதிர்த்து ஒரு லட்சத்துக்கும் அதிகமானோர் கையெழுத்திட்டார்கள். நீதிமன்றம் விற்பனைக்கு ஒப்புதல் அளித்தது. 2025-ல் கனடிய முதலீட்டாளர்கள் அதை வாங்கினார்கள். நாடு திரும்பியது, கூட்டுறவு திரும்பவில்லை. கடன் இருந்தது உண்மை, ஊழியர்களின் வேலை தப்பியதும் உண்மை. ஆனாலும் உரிமையாளரிடம் கேட்காமல் உடைமையை விற்பது எந்த நெருக்கடியிலும் நியாயமாகாது என்றே நினைக்கிறேன்.

சியாட்டிலின் மலையேற்றச் சாமான் கடையான ஆர்.இ.ஐ. இன்னமும் கூட்டுறவுதான். ஆஸ்திரியாவிலிருந்து 3.50 டாலருக்கு ஒரு பனிக்கோடாரி வரவழைத்த லாயிட் ஆண்டர்சனும் அவர் மனைவி மேரியும், 1938-ல் மலையேறும் நண்பர்களோடு சேர்ந்து தொடங்கியது. எவரெஸ்ட் உச்சியை 1963-ல் தொட்ட முதல் அமெரிக்கர் ஜிம் விட்டேக்கர்தான் அதன் முதல் முழுநேர ஊழியர். முன்பெல்லாம் எத்தனை வருடம் கழித்தும் பொருளைத் திருப்பிக் கொடுக்கலாம். 2013-லிருந்து உறுப்பினருக்கு ஓராண்டுதான். இதில் கடையைக் குறை சொல்லமாட்டேன். தேய்ந்துபோன செருப்பைக் கொண்டுவந்து புதிது கேட்டவர்களும் உறுப்பினர்களே. போர்ட்லாந்தின் பேர்ல் பகுதிக் கிளைதான் மனதை உறுத்துகிறது. திருட்டும் உடைப்பும் தாங்காமல் 2024-ல் அதை மூடிவிட்டார்கள். முதல் பயணத்தில் மழையில் நனைந்து நுழைந்த எனக்கு ஒதுங்க இடம் கொடுத்த கடை அது.

சைக்கிளும் மாறிவிட்டது. என்னுடையது ரிம்மைக் கவ்விப் பிடிக்கும் பழைய பிரேக், கம்பியால் இழுக்கும் கியர். இப்போது கடைகளில் டிஸ்க் பிரேக், பேட்டரி கியர், மின்சைக்கிள். வழியில் ஒரு கடையில் பிரேக் கட்டை கேட்டபோது, அந்த இளைஞர் கணினியில் தேடி, வரவழைக்க ஒரு வாரமாகும் என்றார். பண்பாகத்தான் பேசினார். ஆனால் எங்கே போகிறேன் என்று கேட்கவில்லை.

கேட்டவர் சியாட்டிலில் பழைய உதிரிபாகங்கள் விற்கும் சிறிய கடைக்காரர். பின்சக்கரத்தில் ஒரு ஆரக்கம்பி அறுந்திருந்தது, கியர்ப் பல்சக்கரங்கள் இருக்கும் பக்கத்தில். அவற்றைக் கழற்றாமல் புதுக்கம்பி மாட்டமுடியாது. கழற்றி, மாட்டி, கோட்டம் எடுத்து, சக்கரத்தைச் சுற்றவிட்டுப் பார்த்தபடியே கேட்டார்: "பாரம் எவ்வளவு? எல்லாத்தையும் பின்னாடியே கட்டியிருக்கீங்களா?" ஆமாம் என்றேன். கனமான பைகளை முன்சக்கரத்துக்கு மாற்றச் சொன்னார், இல்லையென்றால் அடுத்த கம்பியும் போகும் என்றார். தகரப் பெட்டியைக் கிளறி என் பிரேக்குக்குப் பொருந்தும் கட்டைகளையும் எடுத்தார். இரண்டு ஜோடி வாங்கிக்கொண்டேன். கடைக்கு வெளியே வைத்தே பைகளை முன்னால் மாற்றிக் கட்டிவிட்டுப் புறப்பட்டேன்.