பல்லுப் பாத்து வாங்கு, அப்புனு!

அப்புனு, இப்படி வா. சித்தெ திண்ணையில உக்காரு. உங்கம்மா வந்து ஒரே பொலம்பல். பழைய டாடா ஏஸ், அதான் குட்டி யானை வண்டி, வாங்கலாமா வேண்டாமான்னு ஒன்றரை மாசமா ரவைக்கு ரவை போனை நோண்டறியாமா. அதுல ஒருத்தன் கருப்புக் கண்ணாடி போட்டுட்டு, வண்டியைச் சுத்திச் சுத்தி வந்து பேசறானாமா. கண்ணாடியைக் கழட்டாதவனுக்கு வண்டி நெறமே வெளங்காது. அவன் பேச்சைக் கேட்டா நீ ரெண்டு லச்சம் எடுத்து வெக்கப் போற?

நான் ஸ்டீரிங் புடிச்சதில்ல, வாஸ்தவந்தான். ஆனா கண்ணபுரம் மாட்டுத் தாவணியில அம்பது வருசம் காங்கேயம் மாடு புடிச்சவன். நாலு கால்ல நின்னா என்ன, நாலு சக்கரத்துல நின்னா என்ன? விக்கறவன் வாய் ஒண்ணுதான்.

மொதல்ல இதைச் சொல்லு. வண்டி எதுக்கு? "ஊட்டு முன்னால ஒண்ணு நிக்கட்டுங்க தாத்தா"ங்கற. நிக்கறதுக்குத் தீவனம் போட நீ என்ன ஜமீனா? உன்ற தோட்டம் மூணு ஏக்கரா. தக்காளி காய்ப்பு நாலு மாசம். 25 கிலோ பெட்டி முப்பது ஏத்துனா முக்கா டன். அந்தக் குட்டி யானைக்கு அதுவே போதும் போதும்னு இருக்கும். வாரத்துக்கு மூணு நடை ஒட்டன்சத்திரம் சந்தைக்குப் போனாலும் மொத்தம் அம்பது நடை சொச்சந்தான் தேறும். மிச்ச எட்டு மாசம் வேப்பமரத்தடியில நின்னா, தொட்டியில கோழி அடை காக்கும்.

வாடகை வண்டிக்கு நடைக்கு எவ்வளவு குடுக்கற? அதை அம்பதால பெருக்கு. அந்தப் பக்கம் டீசல், இன்சூரன்சு, வரி, எஃப்சி, டயரு, ரிப்பேரு அல்லாத்தையும் கூட்டு. எது கம்மியோ அதுதான் பதில். இதுக்குப் போன் எதுக்கு? சுவரும் கரிக்கட்டையும் போதாதா?

"அப்பப் புதுசாவே எடுத்தர்லாமா?"ன்னு உன்ற மூஞ்சி கேக்குது. எடுக்கலாமே! மாலை போட்டு, அட்டையில செஞ்ச பெரிய சாவியைக் கையில குடுத்துப் போட்டோ புடிப்பாங்க. அந்தச் சாவி எந்தப் பூட்டுக்கும் சேராது கண்ணு. மாசாமாசம் தவணை மட்டும் எந்தப் பூட்டையும் தொறந்துட்டு ஊட்டுக்குள்ள வரும். தக்காளி கிலோ மூணு ரூவாய்க்குப் போற மாசம் தவணைக்காரன் கொறைச்சுக்குவானா?

நான் வண்டியைக் குத்தஞ்சொல்லல. 2005-ல டாடா ஏஸ் வந்தப்ப நானே சிரிச்சவன். ரெண்டே சிலிண்டரு, 702 சிசி, இதென்ன மூட்டை தூக்கப் போகுதுன்னேன். கொஞ்ச வருசத்துல எங்கூரு மாட்டு வண்டியெல்லாம் இட்டேரியோரம் குடை சாஞ்சு கெடந்துச்சு. பழசுல ஒரு சொகமும் உண்டு. ஸ்பேனர் புடிக்கத் தெரிஞ்சவன் ரிப்பேர் பாத்துருவான். 2020-க்கு அப்புறம் வந்த பிஎஸ்6 வண்டியில சென்சாரு கோவிச்சுட்டா, கம்ப்யூட்டரைக் கொண்டாந்து சமாதானம் பண்ணோணும்.

செரி, கரிக்கட்டைக் கணக்கு கட்டுச்சுன்னு வெச்சுக்கோ. தானமா வந்த மாட்டைத்தான் பல்லைப் புடிச்சுப் பாக்கக்கூடாது. காசு குடுக்கறவன் வாலு வரைக்கும் பாக்கோணும்.

கோழி கூப்புடப் போ. வர்றேன்னு சொல்லாம போனா இன்னும் நல்லது. சீட்டைத் தூக்குனா அடியில எஞ்சின். பக்கத்துல கையைக் கொண்டு போ. அனல் அடிச்சா, உனக்கு முந்தியே ஆரோ ஓட்டி வெச்சிருக்கான். குளுந்த எஞ்சின்தான் தன் நோவைச் சொல்லும். பொகை நீலமா வந்தா ஆயிலைக் குடிக்குது. கருப்பா அப்புனா டீசல் சரியா எரியல. வெள்ளையா நிக்காம வந்தா தண்ணி உள்ள எறங்குதான்னு பாரு. ஆயில் கம்பியை உருவு. காப்பித் தண்ணியில பால் ஊத்துனாப்பல இருந்தா, ஒரு கும்புடு போட்டுட்டு நடையைக் கட்டு.

மாட்டுக்குப் பல்லு, டயருக்கு நம்பரு. ஓரத்துல நாலு எண் இருக்கும். 2319-ன்னா 2019-ல இருபத்திமூணாவது வாரம் செஞ்சது. "போன மாசம் போட்ட புது டயருங்க"ன்னு அவன் சொல்றப்ப, நீ குனிஞ்சு அதைப் படி. அவன் மூஞ்சியையும் படி.

பெயிண்ட்டு பளபளன்னு இருக்குதா? சந்தைக்கு மொத நாள் கொம்பு சீவி எண்ணெய் தடவாத வியாபாரி உண்டா? வயிறு முட்டத் தண்ணி காட்டுன மாட்டைக் கொழுத்ததுன்னு நானே ஒருக்கா ஓட்டியாந்தேன். விடிஞ்சு பாத்தா கட்டுத்தரையில ஆடாட்ட நிக்குது! அதனால துண்டை விரிச்சு மல்லாக்கப் படு. அடியில சேசிஸைப் பாரு. வெல்டு வெச்ச தழும்பு இருக்குதா? ஸ்பிரிங் பட்டை கூடுதலாச் சேத்திருக்குதா? அப்ப அந்த யானை முக்கா டன்னுக்கு ஒன்றரை டன் சொமந்த அடிமைன்னு வெச்சுக்கோ.

அடுத்தது காயிதம். ஆர்சியில இருக்கற சேசிஸ் நம்பரும் வண்டியில வெட்டுன நம்பரும் ஒண்ணான்னு பாரு. "ஃபைனான்ஸ் முடிஞ்சுதுங்க"ம்பான். முடிஞ்சிருந்தா ஆர்சியில ஃபைனான்ஸ்காரன் பேரு ஏன் இன்னும் ஒட்டீட்டு இருக்குது? என்ஓசி வாங்கி அந்தப் பேரை நீக்கிட்டு வரச்சொல்லு. வண்டிக்கு எட்டு வருசம் தாண்டீட்டா எஃப்சிக்கு வருசா வருசம் போய் நிக்கோணும். அபராதம் பாக்கி இருக்குதான்னும் பாரு. 29, 30 ரெண்டு பாரத்துலயும் கையெழுத்து வாங்கி, முப்பது நாளுக்குள்ள உன்ற பேருக்கு மாத்து. பேரு மாத்தாத வண்டி அடுத்தவன் மாடு. நீ சும்மா மேச்சுட்டு இருப்ப.

யானை வாங்கிட்டு அங்குசத்துக்கு அல்லாடாதே. பேட்டரி, கிளட்ச் பிளேட்டு, ஆயிலுன்னு மொத மாசமே கேக்கும். முப்பதாயிரத்தைத் தனியா முடிஞ்சு வெச்சுட்டு, மிச்சத்துல வெலை பேசு. பாட்டுப் பொட்டி, கலர் லைட்டெல்லாம் அப்புறம். தக்காளிக்குப் பாட்டுக் கேக்கத் தெரியாது.

இப்பப் போய்க் கரிக்கட்டையை எடு. கட்டுபடி ஆச்சுன்னா நாளைக்கு விடியால வா. மெக்கானிக்கோட நானும் வாறேன், டீக்காசு உன்றது. ஆகலீன்னா வாடகை வண்டிக்காரன் நம்பரைச் சுவத்துல எழுதி வெச்சுக்கோ. அவனும் பொழைக்கட்டும்.